நான்கு பேர் கூடாரம், இரண்டு பேர் பயணம்

கேள்வி: நானும் என் தம்பியும் சுங்கை சிப்புட்டிலிருந்து கிரிக், ஜெலி வழியாகக் கோத்தா பாருவுக்கு மிதிவண்டியில் செல்லவிருக்கிறோம். தாராளமாகப் படுக்கலாம் என்று நான்கு பேர் கூடாரத்தைக் காட்டுகிறார் கடைக்காரர். வாங்கலாமா? (வாசகர், சுங்கை சிப்புட், மலேசியா)

பதில்: வாங்க வேண்டாம். கிரிக்கைத் தாண்டிய ஏற்றத்தில் அதைச் சுமக்கப் போகிறவர் கடைக்காரர் அல்லர். மலிவான நான்கு பேர் கூடாரங்கள் பெரும்பாலும் காரில் ஏற்றிச் சென்று கடற்கரையில் விரிப்பதற்கென்றே, கனத்த கண்ணாடியிழைக் கம்புகளோடு செய்யப்பட்டவை.

அதற்காக இரண்டு பேர் கூடாரம் போதும் என்றும் சொல்ல மாட்டேன். உறையில் அச்சிட்டிருக்கும் எண், தோளோடு தோள் உரசப் படுக்கும் ஆட்களின் கணக்கேயன்றி அவர்களுடைய மூட்டைகளின் கணக்கன்று. இரண்டு பேர் கூடாரத்தின் அகலம் ஏறக்குறைய 130 சென்டிமீட்டர். 50 சென்டிமீட்டர் அகலமுள்ள இரண்டு மெத்தைகளை விரித்தபின் மிஞ்சுவது ஒன்றரைச் சாண்கூட இல்லை.

உங்களுக்கு ஏற்றது, 170 சென்டிமீட்டருக்குக் குறையாத அகலமும் 3 கிலோவை ஒட்டிய எடையும் அலுமினியக் கம்புகளும் உள்ள மூன்று பேர் கூடாரமே. வாங்குமுன் அதன் நீள அகலத்தை வீட்டுக் கூடத்தின் சிமெண்டுத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்து, சைக்கிள் பைகளையும் உள்ளே வைத்து இருவரும் படுத்துப் பாருங்கள். நள்ளிரவில் வெளியே போகத் தம்பியை மிதித்துக்கொண்டுதான் போக வேண்டும் என்று தெரிந்தால், இருபுறமும் வாசல் உள்ள கூடாரத்தின் அருமை அங்கேயே விளங்கிவிடும். மாலை மழை பிடித்துக்கொண்டால் உள்ளேயே உட்கார்ந்திருக்க நேரும் என்பதால், நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை தட்டாத உயரமும் வேண்டும்.

எடைக்கு எடை அதிக இடம் தருவது குகை வடிவக் கூடாரம்தான் என்றாலும், முளையடிக்காமல் அது நிற்காது. கோயில் மண்டபத்திலோ பொது மண்டபத்திலோ அனுமதி கேட்டுப் படுக்கும் இரவுகள் உங்களுக்கு நிச்சயம் வாய்க்கும். சிமெண்டில் முளை இறங்குமா? தானாக நிற்கும் வகையென்றால், மழைத்துணியை விட்டுவிட்டு வலைத்துணி உட்கூட்டை மட்டும் நிறுத்திக் கொசுவலையாகவே பயன்படுத்தலாம். கிரிக்கையும் ஜெலியையும் இணைக்கும், யானைகள் நடமாடும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையின் ஓரத்திலோ எந்தக் கூடாரமும் வேண்டாம்.

துணியை ஒருவரும் கம்புகளை மற்றவரும் சுமந்தால் ஒருவர் மேலேயே முழு எடையும் விழாது. மடித்த கம்பு பைக்குள் அடங்குகிறதா என்பதைக் கடையிலேயே வைத்துப் பாருங்கள். ஊர் திரும்பியதும் கூடாரத்தை நிழலில் நன்றாக உலர்த்திய பிறகே சுருட்டுங்கள். ஈரத்தோடு சுருட்டிப் புழுக்கமான அறையில் போட்டுவைத்தால், துணியின் பாலியூரித்தேன் பூச்சு சிதைந்து பிசுபிசுத்து, பழைய கட்டிப்பாலைப் போல நாறத் தொடங்கும். அதன்பிறகு அது மழையைத் தாங்காது.