இயக்குநர் குழுவில் ஒரு பெண் கட்டாயம் என்ற சட்டத்தால் உண்மையில் ஏதாவது மாறியதா?

மாறியது, ஆனால் முதல் சட்டத்தால் அல்ல. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களிலும் பெரிய பொது நிறுவனங்களிலும் ஒரு பெண் இயக்குநராவது இருக்க வேண்டும் என்றது. பல நிறுவனங்கள் உரிமையாளரின் மனைவியையோ மகளையோ உட்காரவைத்துக் கணக்கை நேர்செய்தன. அவர்களில் திறமைசாலிகள் இல்லாமலில்லை. ஆனால் கணவர் தலைமை தாங்கும் கூட்டத்தில் அவருடைய முடிவைக் கேள்வி கேட்பது எத்தனை பேருக்கு முடியும்?

இந்த ஓட்டையை அடைக்கத்தான் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, சந்தை மதிப்பில் முதல் 500 நிறுவனங்களுக்கு 2019 ஏப்ரலிலும், முதல் 1000 நிறுவனங்களுக்கு 2020 ஏப்ரலிலும் பெண் சுயேச்சை இயக்குநரை, அதாவது உரிமையாளரைச் சாராத பெண் இயக்குநரை, கட்டாயமாக்கியது. உரிமையாளரின் உறவினர் அந்த இடத்துக்கு வர முடியாது. நிறுவனத்தின் கணக்குகளை மேற்பார்வையிடும் தணிக்கைக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கினர் சுயேச்சை இயக்குநர்களாகவே இருக்க வேண்டும். உறவினர் நிறுவனங்களுக்குப் பணம் போகும் வழியெல்லாம் அலசப்படுவது அங்கேதான். ஆகவே, ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் புரட்டினால் இயக்குநர்களின் புகைப்படப் பக்கத்தைத் தாண்டி, தணிக்கைக் குழுவில் பெண் இருக்கிறாரா என்று பாருங்கள்.

நார்வேயில், இயக்குநர் குழுவில் பெண்களும் ஆண்களும் தலா 40 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்ற விதியை மீறும் நிறுவனத்தைக் கலைக்கவே சட்டத்தில் இடமுண்டு. இங்கே நாளொன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம். பெரிய நிறுவனங்களுக்கு அது தேநீர்ச் செலவு.