மகளுக்கு 10 வயது. கண்ணோரத்திலும் முழங்காலிலும் வெண்புள்ளி வந்திருக்கிறது. உணவைக் கட்டுப்படுத்தினால் சரியாகுமா? முழுதாகக் குணமாகுமா?

நிறம் திரும்ப நல்ல வாய்ப்பு இருக்கிறது, அதுவும் கண்ணோரத்தில். ஆனால் மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும். போன வெண்புள்ளி திரும்ப வரவே வராது என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள். நான் மருத்துவர் இல்லை. கல்லூரிக் காலத்திலிருந்து வெண்புள்ளியோடு இருப்பவன், சிகிச்சை எடுத்துக்கொண்டவன். அந்த அனுபவத்திலும் படித்துத் தெரிந்துகொண்டதிலும் இருந்து சொல்கிறேன்.

உணவை விட்டுவிடுங்கள். பாலும் மீனும் சேர்ந்தால் வரும், புளிப்பு ஆகாது என்பதற்கெல்லாம் ஆதாரம் கிடையாது. வளரும் பிள்ளையின் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தால் சத்துக் குறைவுதான் மிஞ்சும். இது தொட்டால் ஒட்டாது. தொழுநோய்க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தொழுநோய்த் திட்டில் உணர்ச்சி மழுங்கிவிடும். வெண்புள்ளியில் கிள்ளினால் நன்றாகவே வலிக்கும்.

நடப்பது இதுதான். தோலுக்கு நிறம் கொடுப்பவை மெலனோசைட் என்ற செல்கள். உடலின் நோய் எதிர்ப்புப் படையிலுள்ள டி செல்கள் இவற்றை அந்நியமென்று நினைத்து அழிக்கின்றன. நிறமி உண்டாக்க ஆளில்லாத இடம் வெளுக்கிறது. உலகில் ஏறக்குறைய 0.5 முதல் 1 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது, அதில் பாதிப் பேருக்கு 20 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. பரம்பரைக்கும் பங்கு உண்டு, ஆனால் நாம் பயப்படும் அளவுக்கு இல்லை. ஒரே மரபணு கொண்ட இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால்கூட மற்றவருக்கும் இருப்பது 23 சதவீதம் அளவில்தான் என்று ஓர் ஆய்வில் தெரிந்தது. அதனால் யார் பக்கத்திலிருந்து வந்தது என்ற பேச்சு வீட்டில் வேண்டாம்.

இப்போது ஒன்று செய்யுங்கள். நல்ல வெளிச்சத்தில் முழங்கால் திட்டைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். அதற்குள் இருக்கும் பூனைமுடி கருப்பாக இருக்கிறதா, வெளுத்துவிட்டதா? கருப்பாக இருந்தால் நல்ல செய்தி. மேல்தோலில் மெலனோசைட் அழிந்தாலும் முடியின் வேரில் அதன் தாய் செல்கள் பத்திரமாக இருக்கும். சிகிச்சையில் நிறம் திரும்புவது பெரும்பாலும் அங்கிருந்துதான். எனக்கு முன்கையில் ஒளி சிகிச்சை ஆரம்பித்துப் பல வாரங்கள் எந்த மாற்றமும் தெரியவில்லை. அப்புறம் வெள்ளைக்கு நடுவே மிளகைவிடச் சிறிய பழுப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றும் ஒரு முடியைச் சுற்றி. அவை மெல்ல அகன்று ஒன்றோடொன்று சேர்ந்தன. முடியே இல்லாத விரல் நுனிகள் மட்டும் இன்றுவரை வெள்ளைதான். முகமும் கழுத்தும் சிகிச்சைக்கு நன்றாக மசிவதற்கும், விரல் நுனி, உதடு, பாதம் அடம்பிடிப்பதற்கும் பெரிய காரணம் இதுதான்.

தோல் மருத்துவரிடம் சீக்கிரம் போங்கள். புதிதாக வந்த திட்டு பழைய திட்டைவிடச் சுலபமாகக் கேட்கும். உட்ஸ் விளக்கு என்ற புற ஊதா விளக்கில் பார்ப்பார்கள். வெண்புள்ளி என்றால் பளிச்சென்று நீலம் கலந்த வெண்மையாகத் தெரியும். குழந்தைகளுக்கு வரும் சாதாரணத் தேமலா, இதுவா என்பதும் அங்கே தெளிவாகிவிடும். தைராய்டு ரத்தப் பரிசோதனையையும் கேளுங்கள். வெண்புள்ளி உள்ளவர்களுக்குத் தைராய்டுக் கோளாறு சேர்ந்து வருவது சாதாரணம்.

முழங்காலுக்குப் பெரும்பாலும் ஸ்டீராய்டு களிம்பை இடைவெளி விட்டுப் பூசச் சொல்வார்கள். கண்ணோரத்துக்கு அது ஏற்றதல்ல: தோல் மெலிந்துபோகும், கண்ணில் அழுத்தம் கூடலாம். அங்கே ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் களிம்புதான் வழக்கம். முதல் சில நாள் எரியும், பிறகு அடங்கிவிடும். திட்டுகள் வேகமாகப் பரவினால் நேரோபேண்ட் யுவிபி என்ற புற ஊதா ஒளி சிகிச்சை. 311 நானோமீட்டர் அலைநீள ஒளி, வாரம் இரண்டு மூன்று முறை, பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு விளக்குக் கூண்டுக்குள் நிற்க வேண்டும். மூன்று மாதத்துக்கு முன் எதையும் முடிவு செய்யாதீர்கள், ஆறு மாதமாவது கொடுத்துப் பாருங்கள். பாதியில் விடுபவர்கள்தான் அதிகம், அதுதான் எனக்கு வருத்தம்.

ரக்ஸோலிட்டினிப் க்ரீம் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். டி செல்களைத் தோலுக்கு வரவழைக்கும் சமிக்ஞையையே அது தடுக்கிறது. அமெரிக்காவில் 2022இல் 12 வயது நிரம்பியவர்களுக்கு அனுமதி கிடைத்தது. சோதனைகளில் 24 வாரத்தில் சுமார் 30 சதவீதம் பேருக்கு முகத்தில் முக்கால் பங்கோ அதற்கு மேலோ நிறம் திரும்பியது. மகளுக்கு அந்த வயது வரட்டும், அவசரமில்லை. தோல் ஒட்டும் அறுவை சிகிச்சை, குறைந்தது ஓராண்டாவது திட்டு பரவாமல் நின்றவர்களுக்குத்தான்.

யாராவது கார்போக அரிசியை அரைத்துப் பூசி வெயிலில் நிற்கச் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அதிலுள்ள சோராலென் உண்மையிலேயே வேலை செய்யும் பொருள்தான், அதனால்தான் ஆபத்து. மருத்துவர்கள் அளந்து கொடுக்கும் அதே பொருளை அளவில்லாமல் பூசி வெயில் பட்டால் தோல் கொப்புளித்துவிடும். கொப்புளம் ஆறிய இடத்தில் புதிய வெண்புள்ளி வரலாம்.

காயமும் உராய்வும் பட்ட இடத்தில் வெண்புள்ளி புதிதாகக் கிளம்பும் குணம் உடையது. முழங்காலில் வந்ததற்கு, அவள் முட்டி போட்டு விளையாடுவதும் ஒரு காரணமாக இருக்கலாம். விளையாட்டை நிறுத்தாதீர்கள், முட்டிக்கு உறை போட்டு அனுப்புங்கள். இறுக்கமான இடுப்புப் பட்டி, அழுத்தும் செருப்பு வார் வேண்டாம். வெள்ளைத் திட்டு வெயிலில் சீக்கிரம் சிவந்துவிடும், வெளியே போகும்போது சன்ஸ்க்ரீன் போடுங்கள்.

நிறம் திரும்பியதும் களிம்பைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். அந்த இடத்தின் தோலில் சில டி செல்கள் தங்கியே இருக்கும். சிகிச்சை முடிந்த முதல் ஆண்டிலேயே பலருக்கு அதே இடம் மறுபடி வெளுக்கிறது. வாரம் இரண்டு முறை டாக்ரோலிமஸைத் தொடர்ந்தால் இது வெகுவாகக் குறைகிறது. உங்கள் மருத்துவரிடம் இதைக் கட்டாயம் பேசுங்கள்.

பள்ளியில் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், ஒட்டாது என்பதை அவர் வாயால் பிள்ளைகள் கேட்டால் பாதிக் கேள்வி அடங்கிவிடும். மறைக்கும் க்ரீம்களும் கிடைக்கின்றன. மகள் கேட்டால் வாங்கிக் கொடுங்கள். கேட்கவில்லை என்றால் நீங்களாகப் பூசிவிடாதீர்கள்.