லிபியாவுக்கு வந்த அமெரிக்க ஈ: கேள்வி பதில்

1988-இல் லிபியாவில் ஆடு மாடுகளின் புண்ணில் கிடந்த புழுக்கள், அதுவரை அமெரிக்கக் கண்டங்களைத் தாண்டி எங்கும் நிலைகொள்ளாத ஸ்க்ரூவேர்ம் ஈயின் புழுக்கள் என்று தெரியவந்தது. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் கீழே.

செல்வம்: புண்ணில் புழு வைப்பது எங்கும் நடப்பதுதானே சார், இதில் என்ன அதிசயம்?

பதில்: அப்படி நினைப்பதுதான் ஆபத்து. நாம் பார்க்கும் பெரும்பாலான ஈக்களின் புழு அழுகிய சதையைத்தான் தின்னும், இதுவோ உயிருள்ள சதையைத் தின்னும். உண்ணி கடித்த இடமோ பிறந்த கன்றின் தொப்புளோ போதும், அதன் ஓரத்தில் ஓடு வேய்ந்த மாதிரி வரிசையாக முட்டையை ஒட்டிவிடும், ஒரு தடவைக்கு 200 முட்டை சாதாரணம். ஒரு நாளுக்குள் பொரித்துவிடும். அப்புறம் தலையை உள்ளே விட்டு, மூச்சுக்காகப் பின்பக்கத்தை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு குடைந்துகொண்டே போகும். அந்த நாற்றத்துக்கு இன்னும் ஈ வரும், புண் பெரிதாகும். கவனிக்காமல் விட்டால் வளர்ந்த மாடே செத்துப்போகும்.

மாலதி: எல்லாமே வெள்ளைப் புழு. எப்படிப் பிரித்துச் சொன்னார்கள்?

பதில்: நல்ல கேள்வி. முழுதாக வளர்ந்த புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதுகுப்பக்கம் நீளவாக்கில் இரண்டு மூச்சுக்குழல்கள் ஓடும். அமெரிக்க இனத்தில் இவை வாலிலிருந்து முன்னோக்கி மூன்று நான்கு கண்டங்கள் (உடலின் வளையப் பகுதிகள்) வரை கறுத்திருக்கும், தோல் வழியாகவே இரண்டு கருங்கோடுகளாகத் தெரியும். இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் உள்ள அதன் பங்காளி கிரைசோமையா பெசியானாவில் அந்தக் கறுப்பு கடைசிக் கண்டத்தோடு நின்றுவிடும். இன்னும் உறுதி வேண்டுமா, தலைப்பக்கத்து மூச்சுத்துளையில் விரல் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பவற்றை நுண்ணோக்கியில் எண்ணுங்கள்: அமெரிக்க இனத்தில் பெரும்பாலும் 7 முதல் 9, பெசியானாவில் 4 முதல் 6. லிபியாவில் இன்னொரு குழப்பமும் உண்டு. மத்தியதரைக்கடல் பக்கத்தில் ஏற்கெனவே புண்ணில் புழு வைக்கும் வோல்ஃபார்ட்டியா என்ற சதை ஈ இருக்கிறது, "அதுதான் இது" என்று விட்டுவிடுவது ரொம்ப சுலபம். சதை ஈப் புழுவைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்க மூச்சுத்துளைகள் ஒரு குழிக்குள் பதுங்கியிருக்கும்.

ரஃபீக்: பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது? புழுவைக் கொல்ல மருந்து போட வேண்டியதுதானே.

பதில்: ஒரு மாட்டுக்கு அது சரி, நாட்டுக்குப் பத்தாது. இந்த இனத்தின் பெண் ஈ பெரும்பாலும் வாழ்நாளில் ஒரே தடவைதான் சேரும். ஆகவே கதிர்வீச்சில் மலடாக்கிய ஆண்களைக் கூட்டம் கூட்டமாக விட்டால், அவற்றோடு சேர்ந்த பெண்ணின் முட்டை பொரிக்காது. 1954-இல் குராசாவ் தீவில் இப்படித்தான் ஒழித்தார்கள். ஆனால் விடுகிற ஆண் அதே இனமாக இருக்க வேண்டும், பங்காளி இனம் பிரயோஜனப்படாது. இனம் தப்பானால் கோடிக்கணக்கான ஈயும் வீண். அதனால்தான் மருந்தைவிடப் பெயரில் இவ்வளவு பிடிவாதம்.

லிபியாவுக்கு இந்த மலட்டு ஈக்கள் வந்தது மெக்சிகோவின் துஸ்த்லா குத்தியேரெஸில் ஈ வளர்த்து மலடாக்கிய மெக்சிகோ-அமெரிக்கக் கூட்டு ஆலையிலிருந்து. 1986-இல் அமெரிக்கா குண்டு போட்ட அதே லிபியத் தலைநகர் திரிபோலிக்கு! 1990 டிசம்பரில் விடத் தொடங்கி, உச்சத்தில் வாரத்துக்கு 4 கோடி, மொத்தம் சுமார் 130 கோடி. 1991 ஏப்ரலில் கடைசிப் புண், 1992-இல் ஒழிந்ததாக அறிவிப்பு.

செல்வம்: முதலில் அந்தப் புழு ஈ கடல் தாண்டி லிபியாவுக்கு எப்படி வந்தது?

பதில்: தென் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஆடுகளோடு என்பதுதான் வலுவான ஊகம். பறந்து வர வழியே இல்லை.

கண்ணம்மா: எங்கள் ஆட்டுக்கும் புழு வைக்கிறது, டர்பன்டைன் எண்ணெய் விடுகிறோம். அது இதுதானா?

பதில்: இல்லைம்மா, பயப்படாதீர்கள், இந்தியாவில் இருப்பது பெசியானா. அதுவும் உயிருள்ள சதையைத்தான் தின்னும், அதனால் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். எந்த இனம் என்று அவர் பார்ப்பதற்காக, எண்ணெய் விடுவதற்கு முன்னால் புண்ணின் ஆழத்திலிருந்து பெரிய புழுவாக நாலைந்தை இடுக்கியால் எடுத்து, கொதிக்கவைத்து இறக்கிய தண்ணீரில் அரை நிமிடம் போட்டுவிட்டு, ஆல்கஹாலில் மூழ்கும்படி குப்பியில் அடைத்து, எந்த ஆடு, எந்தத் தேதி என்று ஒரு சீட்டில் பென்சிலில் எழுதி உள்ளேயே போடுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.