எடுத்துவிட்டால் என்ன குறையும்?

கேள்வி: இணையத்தில் வந்த ஒரு புலனாய்வுக் கட்டுரையை எடுத்து, அதிலுள்ள வீடியோ, அனிமேஷன், சொடுக்கிப் பார்க்கும் படங்களை மதிப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். ‘நன்றாக இருக்கிறது’ என்பதற்கு மேல் எழுத வரவில்லை. எதை வைத்து மதிப்பிடுவது?
– இதழியல் மாணவி, திருநெல்வேலி

பதில்: அதோடு நின்றீர்களே, நல்ல அறிகுறி. பலர் ‘பிரமாதம்’ வரை போய்விடுகிறார்கள்.

நான் இருபது வருஷம் அச்சுப் பத்திரிகையில் லே-அவுட் போட்டவன். ஒரு படத்தைத் தூக்கிவிட்டால் கட்டுரைக்கு என்ன குறைகிறது என்று பார்ப்போம். ஒன்றும் குறையவில்லை என்றால் அந்த இடத்தில் விளம்பரம் போட்டுவிடுவோம். இணையத்துக்கும் என்னிடம் இருப்பது அதே அளவுகோல்தான்.

2013 நவம்பரில் பிரிட்டிஷ் நாளிதழான கார்டியன் வெளியிட்ட ‘என்எஸ்ஏ ஃபைல்ஸ்: டீகோடட்’டை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏவில் ஒப்பந்த ஊழியராக இருந்த எட்வர்ட் ஸ்னோடென் கசியவிட்ட ஆவணங்களை வைத்து, அந்த அமைப்பு யாரையெல்லாம் கண்காணித்தது என்று சொல்லும் கட்டுரை. சந்தேகத்துக்குரிய ஒருவரிடமிருந்து மூன்று ‘தாவல்’ வரை அந்த அமைப்பு போகலாம் என்று வருகிறது. அவரோடு தொடர்புள்ளவர், இவரோடு தொடர்புள்ளவர், அப்புறம் இன்னொருவர். ‘மூணே மூணு கண்ணிதானே’ என்று நினைத்துக் கடந்து போகவிருந்தேன். அங்கேதான் ஃபேஸ்புக்கில் உங்களுக்கு எத்தனை நண்பர்கள் என்று கேட்கிறது ஒரு சின்னக் கருவி. 190 என்றால் இரண்டாவது தாவலில் 31,046 பேர். மூன்றாவதில் 50 லட்சத்தைத் தாண்டிவிடுகிறது! இதை எடுத்துவிட்டால் கட்டுரையின் முதுகெலும்பே போய்விடும்.

கணக்கையும் நோண்டிப் பாருங்கள். 190-ஐ 190-ஆல் பெருக்கினால் 36,100 வர வேண்டும். நண்பர்களில் சிலர் தங்களுக்குள்ளும் நண்பர்களாக இருப்பார்களே என்று 14 சதவீதத்தைக் கழித்திருக்கிறார்கள். பயமுறுத்த வேண்டும் என்றே செய்திருந்தால் கழித்திருக்க மாட்டார்கள். ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. உளவு அமைப்பு பார்த்தது தொலைபேசித் தொடர்புகளை. ஃபேஸ்புக் நண்பர்கள் எல்லோரோடும் நாம் போனிலா பேசுகிறோம்? இதையும் எழுதுங்கள், மதிப்பெண் விழும்.

2014 ஜனவரியில் ஒபாமா மூன்று தாவலை இரண்டாகக் குறைப்பதாக அறிவித்தார். செய்தியில் ‘ஒன்று குறைந்தது’ என்றுதான் படித்திருப்போம். அந்தக் கருவியில் விளையாடியவருக்கு அது 50 லட்சத்திலிருந்து 31 ஆயிரத்துக்கு இறங்கிய கதை.

அதே கட்டுரையில் எனக்குப் பிடிக்காததும் உண்டு. திரையை நகர்த்தினால் போதும், வீடியோவில் இருப்பவர்கள் தாமாகவே பேச ஆரம்பித்துவிடுவார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு நான் திறந்தபோது, தூங்கிக்கொண்டிருந்த என் மனைவி ‘யாருங்க வந்திருக்கா?’ என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவர்கள் பேசுவது கேட்க வேண்டியதுதான். எப்போது கேட்பது என்பதை என்னிடம் விட்டிருக்கலாம்.

இன்னொன்று. கல்லூரிக் கணினியில் மட்டும் பார்த்துவிட்டு எழுதாதீர்கள். ஓடும் பஸ்ஸில், வீட்டிலேயே பழைய போன் எதுவோ அதில் திறந்து பாருங்கள்.

கேள்வி: பழைய இன்டராக்டிவ் செய்திகளைத் திறந்தால் வெறும் சாம்பல் கட்டம்தான் வருகிறது. ஏன்?
– வாசகர், சேலம்

பதில்: அவை ஃப்ளாஷில், அதாவது பிரவுசரில் அனிமேஷன் ஓட்ட அடோபி நிறுவனம் தந்த மென்பொருளில், செய்தவையாக இருக்கும். 2020 கடைசியோடு அடோபி அதைக் கைவிட்டது. அதையொட்டி பிரவுசர்களும் கைகழுவிவிட்டன. மேலே கேட்ட மாணவியும் இதைக் குறித்துக்கொள்ளலாம்: முக்கியமான எண்கள் எழுத்திலும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். 2009 மக்களவைத் தேர்தலுக்கு நாங்கள் நாலு பேர் ராப்பகலாக ஃப்ளாஷில் தொகுதி வரைபடம் ஒன்று செய்தோம். இன்று அதில் மிஞ்சியிருப்பது, செலவுக் கணக்கோடு இணைக்க நான் எடுத்த ஒரு பிரின்ட் அவுட். அதுவும் கறுப்பு வெள்ளை. எந்தக் கட்சிக்கு எந்தத் தொகுதி என்று தெரியாது.