முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவோமா? சைக்கிள் சந்தேகங்களுக்குப் பதில்கள்

வேலைக்கும் கடைக்கும் சைக்கிளில் போகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில், திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே எடுத்துக்கொண்டேன். நான் கடைக்காரன் இல்லை, டாக்டரும் இல்லை. சென்னைக்குள் பல வருடங்களாகச் சைக்கிளிலேயே அலுவலகம் போய்வருகிறவன், என் வண்டியை நானே கழற்றி மாட்டுகிறவன். பந்தயத்துக்கான ஆலோசனை என்னிடம் கிடைக்காது.

வேளச்சேரியிலிருந்து ஒருவர்: அண்ணா, டயரைக் கல்லு மாதிரி அடித்தால்தான் வண்டி ஓடும் என்கிறார் எங்கள் தெரு சைக்கிள் கடைக்காரர். கட்டை விரல் அமுங்காத வரைக்கும் அடிக்கிறார். சரியா?

பாதி சரி. காற்று குறைந்த டயர் உங்கள் உழைப்பைத் தின்னும். பள்ளத்தில் இறங்கும்போது டியூப் ரிம்முக்கு அடியில் நசுங்கி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். ஆனால் ஓர் அளவுக்கு மேல் அடித்தால் வேகம் கூடாது, குறையத்தான் செய்யும். வழவழப்பான தரையாக இருந்தால் கடைக்காரர் சொல்வது செல்லும். நாம் ஓட்டுவது ஒட்டுப்போட்ட தாரிலும், தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளங்களிலும். இறுகிய டயர் ஒவ்வொரு மேட்டிலும் வண்டியையும் உங்களையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறது. முன்னால் போக வேண்டிய சக்தி அதில் போய்விடுகிறது. கொஞ்சம் இளகிய டயர் அந்த மேட்டைத் தானே வாங்கிக்கொள்ளும். பந்தயக்காரர்களே 23 மில்லிமீட்டர் அகல டயரை விட்டு 28க்கும் அதற்கு மேலும் வந்தது சும்மா இல்லை.

டயரின் பக்கவாட்டில் காற்றழுத்த அளவு 40–65 பிஎஸ்ஐ என்பது போல எழுதியிருக்கும். 70 கிலோ ஆள், 2 அங்குல அகல டயர் என்றால் பின்னால் 45, முன்னால் 40 என்று தொடங்கிப் பாருங்கள். உடல் எடையில் பெரும்பங்கு பின் சக்கரத்தின் மேல்தான் உட்காருகிறது, அதனால் அந்த வித்தியாசம். பெட்ரோல் பங்க் கம்ப்ரஸர் மட்டும் வேண்டாம். சைக்கிள் டியூபில் காற்றுக்கு இடம் கொஞ்சம், சுதாரிப்பதற்குள் வெடித்துவிடும். மீட்டர் வைத்த பம்பு ஒன்று வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பெரிய சைக்கிளில் வால் டியூப் என்ற சின்ன ரப்பர் குழாய் போட்ட வால்வு இருந்தால் மீட்டரை நம்ப முடியாது, அங்கே கட்டை விரலேதான். காற்று தினமும் இறங்குகிறதென்றால் பஞ்சர் தேடுவதற்கு முன்னால் வால்வு வாயில் எச்சில் தொட்டு வைத்துப் பாருங்கள். குமிழி கிளம்பினால் உள்ளே இருக்கும் அந்தச் சின்ன ரப்பரை மாற்றினால் போதும்.

கோவையிலிருந்து ஒரு அம்மா: மகள் சைக்கிள் பழகுகிறாள். முன் பிரேக்கைத் தொடவே கூடாது, குப்புறத் தள்ளிவிடும் என்று அவள் தாத்தா சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

தாத்தா பயந்ததில் நியாயம் இருக்கிறது, முடிவுதான் தப்பு. பிரேக் பிடித்தவுடன் எடை முழுக்க முன்னால் சாயும். பின் சக்கரம் லேசாகிவிடும், லேசான சக்கரத்தைப் பிடித்தால் அது நிற்காது, வழுக்கும். காய்ந்த தார் ரோட்டில் வண்டியை நிறுத்துவது முக்கியமாக முன் பிரேக்தான். பின் பிரேக்கை மட்டும் பிடிக்கப் பழகிய பிள்ளைக்கு, குறுக்கே ஆட்டோ வந்தால் நிற்க ஏறத்தாழ இரண்டு மடங்கு தூரம் வேண்டும்.

குப்புற விழுவது எப்போது என்றால், கையைத் தளர்வாக வைத்துக்கொண்டு முன் பிரேக்கை ஒரேயடியாக இறுக்கும்போது. காலியான மைதானத்தில் பழக்குங்கள். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கட்டும், முன் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கட்டும், அப்போது கையை ஊன்றி இடுப்பைப் பின்னால் தள்ளட்டும். மணல், ஜல்லி, திருப்பம் இந்த மூன்று இடத்தில் மட்டும் முன் பிரேக்கை மெதுவாகத் தொட வேண்டும். எந்தக் கைக்கு எந்தச் சக்கரம் என்று முதலில் பாருங்கள், எல்லா வண்டியிலும் ஒன்றுபோல் இருக்காது.

இன்னொன்று. பளபளவென்று குரோம் பூசிய இரும்பு ரிம் என்றால், மழையில் நனைந்ததும் பிரேக் கட்டை ஏறக்குறைய பிடிக்கவே பிடிக்காது. மழை நாளில் வெகு தூரத்திலேயே பிடிக்க ஆரம்பிக்க வேண்டும். அலுமினிய ரிம் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல்.

மதுரையிலிருந்து ஒரு அப்பா: பதினொன்றாம் வகுப்பு பையன் டிஸ்க் பிரேக், டபுள் ஷாக், தடித்த டயர் வைத்த வண்டிதான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். பட்ஜெட் பத்தாயிரம் சார்.

பையனிடம் என் மேல் பழியைப் போட்டுவிடுங்கள். அந்த விலையில் வரும் ஷாக் என்பது ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். குதித்த குதியை அடக்கும் ஏற்பாடு உள்ளே இருக்காது. எழுந்து நின்று மிதித்தால் பாதி மிதி ஸ்பிரிங்கை அமுக்கவே சரியாகிவிடும். பின்னாலும் ஷாக் என்றால் எடையும் ஏறும், இணைப்புகள் ஒரு வருடத்தில் ஆட்டம் காணும், உள்ளூர்க் கடையில் அதற்குச் சாமானும் கிடைக்காது. கட்டை கட்டையாக முள் வைத்த டயர் சேற்றுக்கானது, தாரில் அது உர்ரென்று கத்திக்கொண்டே உங்களைப் பின்னால் இழுக்கும்.

டிஸ்க்கைப் பற்றி எனக்கு அத்தனை கோபம் இல்லை. மழையில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் மலிவான டிஸ்க்கில் கேபிளையும் பிரேக் பேடையும் அடிக்கடி சரிசெய்ய வேண்டும். சத்தம் வருகிறதென்று யாராவது அதில் எண்ணெய் தெளித்தால் கதை முடிந்தது: பேடு எண்ணெயைக் குடித்துவிடும், பெரும்பாலும் புதிது போட வேண்டியதுதான்.

அதே பணத்துக்கு ஷாக் இல்லாத முன் ஃபோர்க், அலுமினிய ரிம், மட்கார்டு, கேரியர் வைத்த வண்டி நல்லதாகவே கிடைக்கும். புத்தக மூட்டையை முதுகில் சுமக்காமல் போகலாம். மட்கார்டு ஸ்டைல் இல்லை என்பான். முதல் மழை வரட்டும்.

தாம்பரத்திலிருந்து ஒருவர்: 45 வயது. மறுபடி ஓட்ட ஆரம்பித்து இரண்டு மாதம். முட்டியின் முன்பக்கம் வலி, சீட்டும் உறுத்துகிறது. ஜெல் கவர் வாங்கட்டுமா? சைக்கிள் ஓட்டினால் மூட்டு தேயும் என்று வேறு பயமுறுத்துகிறார்கள்.

சீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு காலும் தரையில் ஊன்றுகிறதா? அப்படியானால் வலிக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். பெடல் மேலே வரும்போது முட்டி அளவுக்கு மீறி மடங்கி, அந்த மடிப்பிலேயே பாரத்தை வாங்குகிறது. உடல் எடையைச் சீட் தாங்கிக்கொள்வதால் சைக்கிள் மூட்டுக்கு இதமான பயிற்சி. மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு பிசியோதெரபியில் சைக்கிள் மிதிக்க விடுவதும் அதனால்தான்.

சுவரைப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறுங்கள். பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, அதன் மேல் குதிகாலை வையுங்கள். இடுப்பு ஒரு பக்கம் சாயாமல் கால் நேராக நீள வேண்டும். அதுதான் சீட் உயரம். ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிப்பீர்கள், அப்போது முட்டியில் லேசான மடிப்பு தானாக வந்துவிடும். ஒரே நாளில் ஏற்றாமல் விரல் விரலாக ஏற்றுங்கள். சீட் கம்பியில் ஒரு கோடு போட்டிருக்கும், அது வெளியே தெரிந்தால் அளவுக்கு மீறி ஏற்றிவிட்டீர்கள். முட்டியின் பின்பக்கம் வலி வந்தால் உயரம் அதிகம். சரிசெய்த பிறகும் வலி விடாவிட்டாலோ வீக்கம் இருந்தாலோ டாக்டரிடம் போங்கள்.

நிற்கும்போது கால் எட்டாதே என்பீர்கள். நிற்கும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கி நில்லுங்கள். குரங்குப் பெடல் போட்டுப் பழகிய தலைமுறைக்கு இது ஒரு வித்தையா!

ஜெல் கவர் முதல் பத்து நிமிடத்துக்குச் சுகம். அப்புறம் இடுப்பெலும்பு ஜெல்லுக்குள் புதைந்து, நடுவில் இருக்கும் சதையை ஜெல் மேலே தள்ளி அழுத்தும். கொஞ்சம் இறுக்கமான, உங்கள் எலும்பு அகலத்துக்குப் பொருந்தும் சீட் தேடுங்கள். மரத்துப்போவது பற்றித் தனியாக எழுதிக் கேட்ட தம்பிக்கும் இதே பதில்: மரத்துப்போனால் சீட்டின் மூக்கை ஒரு நூல் கீழே இறக்கி, இடையிடையே எழுந்து நின்று ஓட்டிப் பார். தொடர்ந்தால் சீட்டை மாற்று. சைக்கிள் ஓட்டினால் ஆண்மை போய்விடும் என்பதெல்லாம் திண்ணைப் பேச்சு.

பெரம்பூரிலிருந்து ஒருவர்: 21 கியர் வண்டியா, கியர் இல்லாத வண்டியா? தினமும் 8 கிலோமீட்டர், மேம்பாலம் ஒன்று உண்டு.

கியர் இல்லாததே போதும். 21 என்பது முன்னால் 3 பல்சக்கரம், பின்னால் 7. பெருக்கினால் வருகிற எண், அவ்வளவுதான். அதில் பல கியர்கள் ஒன்றுக்கொன்று அச்சாக ஒரே மிதிதான், மூலைக்கு மூலை செயின் கோணலாக ஓடும் சேர்க்கைகளைப் பயன்படுத்தவும் கூடாது. மேம்பாலம் கனக்கிறதென்றால் பின்னால் இருக்கும் 18 பல் ஃப்ரீவீலைக் கழற்றி 20 பல் போடச் சொல்லுங்கள். மிதி பத்து சதவீதம் லேசாகும். செயினில் ஒரு கண்ணி சேர்க்க வேண்டி வரலாம். கோத்தகிரியிலோ ஏற்காட்டிலோ இருந்து கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

நாகர்கோவிலிலிருந்து ஒருவர்: செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா? நண்பர் டபிள்யூடி-40 அடிக்கச் சொல்கிறார்.

இரண்டும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் நாள்பட நாள்படப் பிசினாகி மணலைப் பிடித்துவைக்கும். டபிள்யூடி-40 என்ற அந்த நீல டப்பா 1953இல் உருவானதே ஈரத்தை விரட்டத்தான். துருவை இளக்கவும் அழுக்கைக் கழுவவும் நல்லது, ஆனால் செயினில் நிற்காது. சைக்கிள் செயினுக்கென்றே விற்கும் எண்ணெய் ஒரு சின்ன பாட்டில் பல மாதம் வரும். தையல் மெஷின் எண்ணெயும் பரவாயில்லை, அடிக்கடி விட வேண்டியிருக்கும்.

எதை விடுகிறோம் என்பதைவிட எப்படி விடுகிறோம் என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். எண்ணெய் வேலை செய்யும் இடம் உருளைக்கு உள்ளே. பெடலைப் பின்னோக்கி மெதுவாகச் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு உருளை மேலும் ஒரு சொட்டு விடுங்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பழைய துணியால் செயினின் வெளிப்பக்கத்தை அழுத்தித் துடையுங்கள், துணியில் கறுப்பு குறையும் வரை. வெளியே பளபளக்கும் எண்ணெய் மணலுக்கான விருந்து.

அப்படியே ஓர் இரும்பு டேப்பை வைத்துச் செயினை அளந்துவிடுங்கள். ஓர் ஆணியின் நடுவிலிருந்து 24ஆவது ஆணியின் நடு வரை, முதல் ஆணியைச் சேர்க்காமல் எண்ணினால், புதுச் செயினில் சரியாக 12 அங்குலம். ஒன்றரை மில்லிமீட்டர் கூடியிருந்தால் செயினை மாற்றும் நேரம். 3 மில்லிமீட்டர் கூடியிருந்தால் பின்னால் இருக்கும் பல்லும் தேய்ந்திருக்கும், இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

திருச்சியிலிருந்து ஒருவர்: பைக் ஹெல்மெட்டையே சைக்கிளுக்கும் போட்டுக்கலாமா?

போட்டால் பாதுகாப்பு குறையாது, ஆனால் நம் வெயிலில் நாலாவது நாள் வீட்டில் வைத்துவிட்டு வருவீர்கள். அது ஒரு கிலோவுக்கு மேல், சைக்கிள் ஹெல்மெட் முந்நூறு கிராம் சுமார். சைக்கிளுக்கு ஹெல்மெட் சட்டப்படி கட்டாயமில்லை என்றாலும் நான் போடுகிறேன். உள்ளே இருப்பது தெர்மாகோல் வகை நுரை, ஒரு முறை பலமாக அடிபட்டால் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். விரிசல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அதற்குப் பிறகு அது தொப்பிதான். நெற்றிக்கு மேல் ஏற்றிப் போடாதீர்கள், புருவத்துக்கும் அதற்கும் இரண்டு விரல் இடைவெளி போதும்.

ஹெல்மெட் வாங்கியவர் பின்பக்கச் சிவப்பு விளக்கு வாங்காமல் இருட்டில் போவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். விழுந்த பிறகு காப்பது அது, மோதாமல் காப்பது இது.

விருத்தாசலத்திலிருந்து ஒரு அம்மா: வயசுக்கு வந்த பெண் சைக்கிள் ஓட்டினால் கர்ப்பப்பைக்கு ஆகாது என்று மாமியார் சொல்கிறார்.

ஆகாது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின்போது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலத்தில், ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். கல்லுடைக்கும் பெண்கள், வயல்வேலைக்காரர்கள், கிராமச் செவிலியர்கள். பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று ஜென்ட்ஸ் சைக்கிளையே விரும்பியவர்களும் இருந்தார்கள். அவர்களுக்குப் பேரப்பிள்ளைகளே வந்துவிட்டார்கள் என்று மாமியாரிடம் சொல்லுங்கள். அரசு ஊர் ஊராகப் பள்ளி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தே இருபது வருடத்துக்கு மேலாகிறது.

அண்ணா நகரிலிருந்து ஒருவர்: கார்பன் ஃபிரேமுக்கு மாறினால் 4 கிலோ மிச்சம். வேகம் கூடுமா?

நீங்கள் 70, வண்டி 14, மொத்தம் 84 கிலோ. அதில் 4 கிலோ என்பது ஐந்து சதவீதம்கூட இல்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவிலும் ஏறுவதாக இருந்தால் தெரியும். ஈசிஆரில் உங்களைத் தடுப்பது காற்று. வேகம் இரட்டித்தால் அதன் எதிர்ப்பு நான்கு மடங்கு. முழங்கையை மடக்கிக் குனியுங்கள், அது இலவசம்.

ராமநாதபுரத்திலிருந்து ஒருவர்: வாரம் ஒரு பஞ்சர். டயர் மட்டமா?

உங்கள் ஊரில் டயரைக் குற்றம் சொல்ல மாட்டேன், நெருஞ்சி முள்ளும் கருவேல முள்ளும்தான். ஓரத்து மண்ணில் இறக்காமல் ஓட்டுங்கள். பஞ்சர் ஒட்டியதும் டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகச் சுற்றித் தடவிப் பாருங்கள், முனை ஒடிந்து உள்ளேயே இருக்கும். அதை எடுக்காமல் டியூபை மாட்டினால் அடுத்த வாரம் அதே இடத்தில்தான் போகும். டியூபுக்குள் விடும் பஞ்சர் ஜெல் சின்ன முள்ளுக்குக் கேட்கும், ஆணிக்குக் கேட்காது.

சேலத்திலிருந்து ஒருவர்: இடது பெடல் மட்டும் கழலவே மாட்டேன் என்கிறது. கடையில் சுத்தியலால் அடிக்கப் போனார்கள், தடுத்துவிட்டேன்.

நல்ல வேளை. இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் வெட்டியது, வழக்கமாகக் கழற்றும் திசையில் திருப்பினால் இன்னும் இறுகும். ஸ்பானரைப் பெடலில் மாட்டி, கைப்பிடி மேல்நோக்கி இருக்கும்படி வைத்துக்கொண்டு, பின் சக்கரம் இருக்கும் பக்கமாகத் தள்ளுங்கள். வலது, இடது இரண்டுக்கும் இதே விதிதான். அசையாவிட்டால் மரையில் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். டபிள்யூடி-40க்கு இங்கேதான் வேலை. மறுபடி மாட்டும்போது மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, முதல் நாலைந்து சுற்றைக் கையாலேயே திருகுங்கள். கோணலாக ஏறினால் பெடல் மாட்டும் தண்டான கிராங்க்கையே மாற்ற வேண்டி வரும்.