அக்கா மகன் சிம்மில் எழுதிய புகார், வாசலுக்கு வந்த வக்கீல் நோட்டீஸ்

கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்து வேலந்தாவளம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பால் சொசைட்டியில் கொழுப்பு அளவைக் குறைத்துப் போட்டு செயலாளர் காசு அடிக்கிறார் என்று, அக்கா மகன் பெயரில் உள்ள சிம்மிலிருந்து, புனைபெயரில், ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். கூடவே 'மகள் கல்யாணத்துக்கு இத்தனை பவுன் எங்கிருந்து வந்தது' என்றும் ஒரு வரி. யாரோ அந்த நம்பரை கூகுள் பேயில் அடித்துப் பார்க்க, பையனின் பெயர் வந்துவிட்டது. அவதூறு என்று வக்கீல் நோட்டீஸ் இப்போது அவன் பெயருக்கு வந்திருக்கிறது. 'நான் எழுதினேன் என்று அவர்களால் நிரூபிக்க முடியுமா?' என்று கேட்கிறார்.

உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி, சொசைட்டி வாசலில் செயலாளர் உங்களைப் பேசிய பேச்சு. வருத்தம்தான், ஆனால் கேஸுக்கு உதவாது. பெயர் போடாமல் எழுதுவது மட்டுமே குற்றமும் கிடையாது. நீங்கள் சொன்னதை யாரிடம் சொன்னீர்கள், எதை நம்பிச் சொன்னீர்கள் என்பதுதான் கேள்வி. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவில் அவதூறுக்கு 2 வருடம் வரை சிறை உண்டு. அதே பிரிவில், நடவடிக்கை எடுக்க அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு கொடுத்த புகாருக்கு விலக்கும் உண்டு. பால்வளத் துறை அதிகாரிக்கு எழுதியிருந்தால் அந்த விலக்குக்குள் வந்திருப்பீர்கள். ஊர் குழுவுக்கு அந்த அதிகாரம் கிடையாது.

நான் பயப்படுவது வேறு விஷயத்துக்கு. இப்படி மாட்டியவர்கள் முதலில் செய்வது மெசேஜை அழிப்பது, அப்புறம் 'எங்களுக்குத் தெரியாது' என்று ஒரு பதில் நோட்டீஸ். குழுவில் பத்துப் பேர் போனில் ஸ்கிரீன்ஷாட் இருக்கும்போது அழித்து என்ன பயன்? 'எழுதவே இல்லை' என்று கையெழுத்துப் போட்டவர், பின்னால் கூண்டில் ஏறி 'ஊர் நன்மைக்காக உண்மையைத்தான் எழுதினேன்' என்றால் எந்த மாஜிஸ்ட்ரேட் நம்புவார்? உண்மை என்கிற வாதம் உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம், அதை நீங்களே தூக்கிப் போடுகிறீர்கள். அதற்குள் சிம் யார் பெயரிலோ அவன்தான் கோர்ட்டுக்கு அலைவான். நாளைக்கு அவன் பாஸ்போர்ட்டுக்கோ அரசு வேலைக்கோ போனால், கேஸ் நடக்கிறதா என்ற கேள்விக்கு அவன்தான் பதில் எழுத வேண்டும். மாமா ஒளிந்துகொள்ள மருமகனை முன்னால் நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆதாரம் என்று பால் சீட்டுகளை அனுப்பியிருக்கிறீர்கள். காலைச் சீட்டில் கொழுப்பு 3.4, மாலைச் சீட்டில் 4.2 என்று வட்டம் போட்டிருக்கிறீர்கள். மாலைப் பாலில் கொழுப்பு கூடுதலாக வருவது வழக்கம், எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்வியில் உடைத்துவிடுவார். காலைச் சீட்டைக் காலைச் சீட்டோடு வைத்துப் பாருங்கள். அதே பாலை வேறு இடத்தில் சோதித்த அறிக்கை இருந்தால்தான் பேச்சு.

பவுன் பற்றி எழுதிய வரிக்கு உங்களிடம் ஒரு ஆதாரமும் இல்லை. அதனால் சமாதானமாகப் போங்கள். அவதூறு வழக்கு சமரசம் செய்துகொள்ளக்கூடியதுதான். அந்த ஒரு வரிக்கு மட்டும், அதே குழுவில், உங்கள் சொந்தப் பெயரில் வருத்தம் தெரிவியுங்கள். அவர்கள் 'எழுதியது எல்லாமே பொய்' என்று ஒரு தாளை நீட்டுவார்கள், அதில் கையெழுத்துப் போட்டால் பால் புகாரும் அதோடு செத்தது. இனி கேஸ் போட மாட்டோம், பையனையும் இழுக்க மாட்டோம் என்று அவர்களிடமும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பால் புகாரைத் தனியாக, பெயர், விலாசத்தோடு பிளாக்கில் உள்ள பால்வள விரிவாக்க அதிகாரிக்குக் கொடுங்கள். தமிழிலேயே எழுதலாம், உங்கள் சித்தூர் தாலுகாவில் தமிழ் சிறுபான்மையினருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் முதலில் நோட்டீஸுக்குப் பதில். இந்த வாரமே வக்கீலைப் பாருங்கள், பையனையும் கூட்டிக்கொண்டு போய், எழுதியது நான்தான் என்று அவன் முன்னாலேயே சொல்லுங்கள்.