நர்சிங் ஹோம் பெரியவர்கள் கண் கலங்கும் அந்த 'கேபோ' யார்?

தங்கச்சி, அயர்லாந்து நர்சிங் ஹோமில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது, வெள்ளி ராத்திரி டிவி போட்டாலே பெரியவர்கள் "கேபோ" என்று கண் கலங்குகிறார்கள், யார் அவர், அவர்களிடம் என்ன பேசுவது என்று கேட்டிருந்தீர்கள்.

அவர் கே பர்ன் என்ற டிவி தொகுப்பாளர். 'கேபோ' அவருடைய செல்லப்பெயர். கேப்ரியல் என்பதன் சுருக்கம்தான் 'கே'. பெயரைக் கேட்டுச் சிரித்துவிடாதீர்கள், அவர்கள் மனசு நோகும். வெள்ளி ராத்திரி வரும் 'த லேட் லேட் ஷோ' என்ற டிவி அரட்டை நிகழ்ச்சியை, 1962இல் தொடங்கியதிலிருந்து 1999 வரை, இடையில் சிறிது காலம் தவிர, அவர்தான் நடத்தினார். 2019 நவம்பர் 4 அன்று, 85 வயதில் காலமானார்.

ஒரு டிவி தொகுப்பாளருக்காக ஏன் இவ்வளவு அழுகை என்று தோன்றும். அந்த நாட்டில் 1978 வரை உள்நாட்டு சேனல் ஒன்றே ஒன்றுதான். கிழக்குக் கரையில் உயரமாக ஆன்டெனா கட்டியவர்களுக்கு பிபிசி கிடைத்தது. மேற்கே மேயோ, கெர்ரி பக்கம் அந்த உள்நாட்டு சேனலான ஆர்டிஇயை விட்டால் வேறு வழியில்லை. டிவி இல்லாதவர்கள் பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்து பார்த்தார்கள். ஆகவே முதலில் "நீங்கள் எந்த ஊர், யார் வீட்டில் பார்ப்பீர்கள்?" என்று கேளுங்கள். "நிகழ்ச்சி எப்படி இருக்கும்?" என்று கேட்டால் "நன்றாக இருக்கும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஒருவர் "சனிக்கிழமை ராத்திரி பார்ப்போம்" என்றால் நினைவு தப்பிவிட்டது என்று குறிப்பெழுதிவிடாதீர்கள். நெடுங்காலம் அது சனிக்கிழமை நிகழ்ச்சிதான். எண்பதுகளின் நடுவில்தான் வெள்ளிக்கு மாறியது. அவர் சொல்வதே சரி.

சிரிக்க வைக்க 1966இன் நைட்டி கதை போதும். கணவனையும் மனைவியையும் தனித்தனியாகக் கேள்வி கேட்கும் ஒரு போட்டி. கல்யாண ராத்திரியில் போட்டிருந்த நைட்டி என்ன நிறம் என்று கேட்டதற்கு, ஒன்றுமே போடவில்லை போலிருக்கிறது என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். மறுநாளே க்ளான்ஃபர்ட் ஆயர் (பிஷப்) பிரசங்கத்தில் கண்டித்தார். இதை நீங்கள் பாதி சொன்னால் போதும், மீதியை அவர்களே சொல்லி முடிப்பார்கள்.

1984 பற்றிய பேச்சு அப்படியல்ல. அந்த ஜனவரியில் லாங்ஃபர்ட் மாவட்டத்தின் கிரானர்ட் ஊரில் 15 வயதுச் சிறுமி ஒருத்தி, மாதா கெபியருகே (மாதா சிலை வைத்த சிறு குகை) யாருக்கும் தெரியாமல் பிரசவித்து, குழந்தையோடு இறந்துபோனாள். அதன்பின் கே பர்னின் காலை வானொலி நிகழ்ச்சிக்குக் கடிதங்கள் குவிந்தன. வாழ்நாள் முழுக்க மறைத்து வைத்ததைப் பெண்கள் எழுதி அனுப்பினார்கள். பிப்ரவரியில் ஒருநாள் நிகழ்ச்சி நேரமெல்லாம் அவற்றையே வாசித்தார்கள். அந்தத் தலைமுறைப் பாட்டிகள்தான் இப்போது உங்கள் வார்டில் இருக்கிறார்கள். யாராவது அந்த வருடத்தைச் சொல்லி நிறுத்தினால், "அப்புறம்?" என்று கேட்க வேண்டாம். கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்காருங்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். சொன்னதைச் சாப்பாட்டு மேசையில் பேசாதீர்கள். அந்த மனிதர்மேல் இருக்கும் பாசத்தின் வேர் இங்கேதான் என்பது என் எண்ணம். வீட்டில் வாய்விட முடியாததைச் சொல்ல அவர் ஓர் இடம் கொடுத்தார்.

ஆர்டிஇ ஆவணக் காப்பகத் தளத்தில் பழைய துண்டுகள் இலவசம். ஐந்து நிமிடத்துக்கு மேல் போடாதீர்கள். மறதி நோய் உள்ளவர்களுக்குக் காலையில் போடுங்கள். சாயங்காலத்தில் பலருக்குக் குழப்பம் கூடும், அந்நேரம் பழைய முகம் தெரிந்தால் "வீட்டுக்குப் போகணும்" என்று எழுந்துவிடுவார்கள். முதலில் காது மெஷின் வேலை செய்கிறதா பாருங்கள், சப்டைட்டில் போடுங்கள். "கேபோ இந்த வாரம் வருவாரா?" என்று கேட்டால் "அவர் இறந்துவிட்டாரே" என்று திருத்த வேண்டாம். மறந்தவருக்கு ஒவ்வொரு முறையும் அது புதுச் சாவு. "உங்களுக்கு அவரை ரொம்பப் பிடிக்குமா?" என்று கேளுங்கள், பேச்சு தானே திரும்பும்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் லேட் லேட் ஷோவின் பொம்மைச் சிறப்பு நிகழ்ச்சியான 'டாய் ஷோ' வரும். அன்று எல்லாரும் கிறிஸ்துமஸ் ஸ்வெட்டர் போட்டு உட்காருவார்கள், ஷிஃப்ட் இருந்தால் நீங்களும் ஒன்று போடுங்கள். பார்வையாளர் எல்லாருக்கும் பரிசு உண்டு என்பதற்கு அந்த நிகழ்ச்சியில் ஒரு வாக்கியம் புகழ்பெற்றது: "ஒன் ஃபார் எவ்ரிபடி இன் தி ஆடியன்ஸ்". டீயோடு பிஸ்கட் தட்டை நீட்டும்போது அதைச் சொல்லிப் பாருங்கள். அப்புறம் யார் யாருக்கு எந்தத் துண்டு பிடித்தது என்று கேர் பிளானில் ஒரு வரி எழுதி வையுங்கள், அடுத்த ஷிஃப்டில் வருகிறவருக்கு உதவும்.